பக்கத்துக் கதிரையில் யார்?
ஊக விளையாட்டொன்றின் அரசியல் குறித்து

1

2024 யூலை 21 அன்று ஜோ பைடன் ஜனாதிபதித் தேர்தலிலிருந்து தாம் விலகுவதாக அறிவித்தார். ஓகஸ்ற் 6 அன்று கமலா ஹரிஸ் தமது உப ஜனாதிபதி வேட்பாளராக மினசோற்றா மாநில ஆளுநர் ரிம் வோல்ஸைத் தெரிவு செய்தார். இடைப்பட்ட இரண்டு கிழமைகளும், ரொறொன்ரோவுக்கு அருகே நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில், 'யாரைப் போடுவா?' என்பதைத் தவிர வேறு கதை இருக்கவில்லை. நாங்கள் அச்சில் வார்த்தெடுக்கும் பிளாஸ்ரிக் உதிரிப்பாகங்கள் எல்லை தாண்டி அமெரிக்கக் கார்களுக்குள் போகின்றன. ஆகவே அந்த நாட்டில் எவர் வருவார் என்பது எமக்கு வெறும் அரட்டைக்கான விடயமல்ல. அடுத்த மாதம் எத்தனை ஷிப்ற் கிடைக்கும் என்பதோடும் அது சம்பந்தப்பட்டது.

நான் ஒருகாலத்தில் அரசறிவியல் படிப்பித்தவன் என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். மெசினடியில் என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. அந்த இரண்டு கிழமைகள் மட்டும் கேட்டார்கள். நெடுநாட்களுக்குப் பின் வாய்த்த வகுப்பறை என்பதால் நானும் விட்டுவைக்கவில்லை. உற்பத்திக் கணக்கெழுதும் தாளின் பின்பக்கத்தில் பென்சில்வேனியாவைக் கீறினேன். அம்மாநிலத்துக்குத் தேர்வாளர் குழுவில் 19 வாக்குகள். அதன் ஆளுநர் ஜோஷ் ஷபீரோ செல்வாக்குள்ளவர். ஆகவே ஷபீரோதான் என்று நிறுவினேன். பத்துக் கோப்பிக்குப் பந்தயமும் கட்டினேன், தோற்றேன்.

தோற்றதல்ல என்னைத் தொந்தரவு செய்தது. பொதிகட்டும் பகுதியில் வேலை செய்யும் வடமராட்சியைச் சேர்ந்த ஓர் அண்ணை, நான் கீறிய படத்தைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "மாஸ்ரர், பெரியவர் மண்டையைப் போட்டால் இவர்தானே வாறது? அதை ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?"

"அதுவும் இருக்குது அண்ணை" என்று சொல்லிச் சமாளித்தேன். இக்கட்டுரை அக்கேள்விக்குப் பிந்தி வரும் பதில். அமெரிக்கத் தேர்தலின் உப ஜனாதிபதி ஊகங்கள் பற்றிய விமர்சனம் என்று இதனைச் சொல்லலாம். என் போன்ற 'விடயம் தெரிந்தவர்கள்' பற்றிய விமர்சனமாகவும் வாசிக்கலாம்.

2

இவ்விளையாட்டின் சூத்திரம் எளிமையானது. தேர்வாளர் குழுவின் 538 வாக்குகளில் 270 வேண்டும். ஜனாதிபதி வேட்பாளர் வடக்கென்றால் மற்றவர் தெற்கு, கிழவரென்றால் இளையவர், ஆணென்றால் பெண், கறுப்பரென்றால் வெள்ளையர். இதனைச் 'சமநிலைப்படுத்தல்' என்கிறார்கள். எந்த ஆள் எந்த மாநிலத்தைக் கொண்டு வருவார் என்று கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடும் என்பது நம்பிக்கை.

இந்த நம்பிக்கை அனுபவத்தில் நிற்பதில்லை. 1988 இல் டுக்காக்கிஸ், ரெக்ஸாஸ் மாநிலத்து லோயிட் பென்ற்சனைச் சேர்த்துக்கொண்டார், ரெக்ஸாஸில் தோற்றார். 2004 இல் கெரி, வட கரோலினாவின் ஜோன் எட்வேர்ட்ஸைச் சேர்த்தார். வட கரோலினாவில் தோற்றார். 2012 இல் றொம்னி, விஸ்கொன்சினின் போல் றயனைச் சேர்த்தார், விஸ்கொன்சினும் கிடைக்கவில்லை. கிறிஸ்ரோபர் டெவைன், கைல் கொப்கோ ஆகிய இரு அரசறிவியலாளர்கள் இதையே நூல்களாக ஆராய்ந்து, உப ஜனாதிபதி வேட்பாளரின் சொந்த மாநிலத்தில் அவரால் கிடைக்கும் ஆதாயம் பொதுவாகப் புறக்கணிக்கத்தக்கது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இதற்கு மறுப்பாக எப்போதும் காட்டப்படுவது 1960. கென்னடி, லிண்டன் ஜோன்சனைச் சேர்த்ததால் ரெக்ஸாஸை வென்றார் என்பது உண்மைதான். வித்தியாசம் ஏறத்தாழ 46,000 வாக்குகள். ஆனால் கென்னடிக்குக் கிடைத்தவை 303 தேர்வாளர் வாக்குகள். ரெக்ஸாஸின் 24 ஐக் கழித்தாலும் 279 மிஞ்சும். அன்று வேண்டியிருந்தது 269. ஜோன்சன் தென் மாநிலங்கள் பலவற்றில் உதவினார் என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் 'ஒரு மாநிலம், ஓர் ஆள், ஒரு வெற்றி' என்ற வாய்ப்பாட்டுக்கு அதன் ஆகச் சிறந்த உதாரணமே சரியாகப் பொருந்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கணக்குப் பிழைப்பது மட்டுமல்ல, செய்தியும் பிழைக்கிறது. 2004 யூலை 6 அன்று 'நியூயோர்க் போஸ்ற்' பத்திரிகை, கெரி தெரிவு செய்திருப்பவர் ரிச்சட் கெபார்ட் என்று முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்றது. அன்று காலை கெரி அறிவித்த பெயர் எட்வேர்ட்ஸ். 2000 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் புஷ்ஷுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் பொறுப்பு டிக் செய்னிக்குக் கொடுக்கப்பட்டது. ஊகக்காரர்கள் அவர் தேடும் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தார்கள், தெரிவானவர் செய்னியே. ரெக்ஸாஸில் குடியிருந்த அவர், ஒரே மாநிலத்தவர் இருவருக்கும் அம்மாநிலத் தேர்வாளர்கள் வாக்களிக்க முடியாது என்ற அரசியலமைப்பு விதிக்காகத் தமது வாக்காளர் பதிவை வயோமிங்கிற்கு மாற்றிக்கொண்டார். மூன்றே தேர்வாளர் வாக்குகள் கொண்ட மாநிலம் அது. எந்தச் சூத்திரத்தின்படி வந்தவர் அவர்? எந்தச் சூத்திரத்தின்படியும் அல்ல. ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில், ஈராக் போர் உட்பட, அவர் செலுத்திய செல்வாக்கை எண்ணிப் பாருங்கள்.

இத்தனை தடவை பிழைத்தும் இவ்விளையாட்டு ஏன் ஓய்வதில்லை? மாநிலத் தேர்தல்கள் முடிந்து கட்சி மாநாடு கூடும்வரை தொலைக்காட்சிகளுக்கு இட்டு நிரப்ப ஏதாவது வேண்டும் என்பது ஒரு காரணம். ஊகிப்பதற்கு முதல் தேவையில்லை; பிழைத்தால் தண்டனையுமில்லை. இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. இந்தத் தெரிவில் மக்களுக்கு இடமில்லை. முன்பு கட்சிப் பெருந்தலைகள் தீர்மானித்தார்கள். 1940 இல் றூஸ்வெல்ற், ஹென்றி வொலஸைத் தராவிட்டால் தாம் போட்டியிடமாட்டேன் என்று மிரட்டி வென்றதிலிருந்து அது படிப்படியாக வேட்பாளரின் தனி உரிமையாகிவிட்டது. 1956 இல் ஸ்ரீவன்சன் மாநாட்டிடமே அதனை விட்டுப் பார்த்தார். பின்னர் வந்தவர்கள் அதைப் பின்பற்றவில்லை. இன்று மாநாட்டுப் பிரதிநிதிகள் செய்வது கைதட்டுவது. 2008 இல் ஒபாமா தரப்பு, தெரிவு செய்யப்பட்டவரின் பெயரை முதலில் உங்களுக்கே அனுப்புவோம் என்று சொல்லி ஆதரவாளர்களின் கைத்தொலைபேசி இலக்கங்களைச் சேகரித்தது. தீர்மானத்தில் பங்கில்லாதவர்களுக்கு, தீர்மானத்தை முதலில் கேட்கும் பாக்கியம்! ஊகமும் அதே சரக்குத்தான். வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு உள்ளே இருப்பது போன்ற உணர்வை அது தருகிறது. நாடுவிட்டு வந்து எந்த அறைக்குள்ளும் இடமில்லாதிருக்கும் என் போன்றவர்களை அது இவ்வளவு கவர்வதில் வியப்பேது?

3

அண்ணையின் கேள்விக்கு வருவோம். உப ஜனாதிபதிப் பதவி தன்னளவில் வெறுமையானது. முதலாவது உப ஜனாதிபதி ஜோன் அடம்ஸே, மனிதர் கண்டுபிடித்தவற்றுள் மிக அற்பமான பதவி இது என்ற கருத்துப்பட மனைவிக்கு எழுதினார். செனற் சபைக்குத் தலைமை தாங்கலாம். வாக்குகள் சமமானால் ஒரு வாக்குப் போடலாம். தேர்வாளர் வாக்குகள் அடங்கிய உறைகளைத் திறக்கலாம். 1967 இல் 25 ஆவது திருத்தம் வரும்வரை, இடையில் அப்பதவி வெறுமையானால் நிரப்புவதற்கு வழியே இருக்கவில்லை. 16 தடவைகள் அது வெறுமையாகவே கிடந்தது; நாடு அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவுமில்லை.

ஆனால் இதுவரை ஜனாதிபதியாக இருந்த 45 பேரில் எட்டுப் பேர் பதவியிலிருக்கும்போதே இறந்தார்கள். ஒருவர், நிக்சன், 1974 இல் பதவி விலகினார். அதாவது ஐந்து பேருக்கு ஒருவர் தமது தவணையை முடிக்கவில்லை. அவர்களுடைய கதிரையில் அமர்ந்தவர் பக்கத்துக் கதிரைக்காரர். 'மரணத்தை எண்ணிக்கொண்டு ஆளைத் தேடுவது பிண அரசியல்' என்று இலக்கியச் சந்திப்பொன்றில் நண்பர் ஒருவர் என்னைக் கடிந்தார். ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் எமது தொழிற்சாலையில் விபத்து நடந்தால் அதனைப் பற்றிக் கதைப்பதைப் பிணக்கதை என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

1944 ஐ எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மார்ச்சிலேயே றூஸ்வெல்ற்றைப் பரிசோதித்த இருதய வைத்தியர், அவர் கடுமையான இரத்த அழுத்தத்தாலும் இருதயப் பலவீனத்தாலும் பாதிக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அது பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் சனநாயகக் கட்சியின் பெருந்தலைகள் அவரை நேரில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அடுத்த தவணையை அவர் முடிக்கமாட்டார் என்று அஞ்சினார்கள். ஆகவே தமக்கு ஒத்துவராத வொலஸை அகற்ற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். யூலையில் சிக்காகோவில் கூடிய மாநாட்டில் முதற் சுற்று வாக்கெடுப்பில் வொலஸ்தான் முன்னணியில் நின்றார். இரண்டாவது சுற்றில் ஹரி ட்ரூமன் தெரிவானார்.

எனது வாதத்தின் நடுப்புள்ளி இதுதான். 'இவர் ஜனாதிபதியானால்?' என்ற சரியான கேள்வி அன்று கேட்கப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. அது கேட்கப்பட்டது; பூட்டிய அறைக்குள் கேட்கப்பட்டது. மிசூரியா, தொழிற்சங்கங்களா, தென் மாநிலங்களா என்ற கணக்குத்தான் வெளியே இருந்தவர்களுக்கு விடப்பட்டது. உள்ளே வாரிசுரிமை, வெளியே வாய்ப்பாடு!

ட்ரூமன் உப ஜனாதிபதியாக இருந்தது 82 நாட்கள். 1945 ஏப்ரல் 12 அன்று றூஸ்வெல்ற் இறந்தபோது, அணுகுண்டு தயாராகிக்கொண்டிருக்கும் விபரம் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. முழு விளக்கத்தையும் யுத்தச் செயலர் ஸ்ரிம்சன் அவருக்கு வழங்கியது ஏப்ரல் 25 அன்று. ஓகஸ்ற் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி. இதற்கு மாறாக, அகற்றப்பட்ட வொலஸ் 1941 இலேயே அக்குண்டு பற்றிய உயர்மட்டக் கொள்கைக் குழுவில் இருந்தவர். வொலஸ் நீடித்திருந்தால் ஹிரோஷிமா நடந்திராது என்று எமது இடதுசாரி நண்பர்கள் சிலர் உறுதியாகச் சொல்வார்கள். அப்படி நிறுவுவதற்கு எம்மிடம் ஆதாரமில்லை. அதுவும் ஊகமே, முற்போக்கான ஊகம் என்பதைத் தவிர வேறு பெருமை அதற்கில்லை. நிறுவக்கூடியது இதைவிடச் சிறியது, ஆனால் இதைவிடப் பாரதூரமானது. ஜனாதிபதி இறக்கக்கூடும் என்று கருதித் தெரிவு செய்யப்பட்ட ஒருவருக்கு, ஜனாதிபதியானால் அறிய வேண்டியது சொல்லப்படவில்லை. தெரிவு செய்தவர்களுக்குத் தேவைப்பட்டது 'வொலஸ் அல்லாதவர்', ட்ரூமன் அல்ல.

'முதலாளித்துவ அரசில் முதலாமவரும் ஒன்று, இரண்டாமவரும் ஒன்று. இதில் ஆராய என்ன இருக்கிறது?' என்று கேட்கும் நண்பர்களுக்கு 1864 ஐ நினைவூட்ட வேண்டும். உள்நாட்டுப் போரின் நடுவே நடந்த அத்தேர்தலில், வடக்கிலுள்ள மெயின் மாநிலத்தவரான உப ஜனாதிபதி ஹனிபல் ஹம்லின் கைவிடப்பட்டார். லிங்கனோடு அன்றூ ஜோன்சன் நிறுத்தப்பட்டார். தெற்கின் ரெனிசி மாநிலத்தவர், எதிர்க்கட்சிக்காரர், ஆனால் பிரிவினையை எதிர்த்தவர். சமநிலைப்படுத்தலுக்கு இதைவிட அழகான உதாரணம் கிடையாது. 1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், தென் கரோலினா, ஜோர்ஜியா, புளோரிடாக் கரையோரங்களில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை காணி ஒதுக்கும் கட்டளையை ஜெனரல் ஷேர்மன் பிறப்பித்திருந்தார். சுமார் 40,000 பேர் அக்காணிகளில் குடியேறியிருந்தார்கள். ஜோன்சன் முன்னாள் எசமானர்களுக்கு மன்னிப்பு வழங்கி, காணிகளையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். 1866 இல் குடியுரிமைச் சட்டமூலத்தைத் தமது வீட்டோவால் தடுத்தார். காங்கிரஸ் அதனை மீறி நிறைவேற்ற வேண்டியிருந்தது. விதைத்த நிலத்திலிருந்து எழுப்பப்பட்ட அந்த மனிதர்களிடம் போய், முதலாமவரும் இரண்டாமவரும் ஒன்றுதான் என்று சொல்லிப் பார்க்க வேண்டும். காணி பறிபோன சமூகத்தவரான நாம் அப்படிச் சொல்லலாமா?

இதற்கு மறுதலையும் உண்டு. தென் மாநில வெள்ளையர்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சேர்க்கப்பட்ட லிண்டன் ஜோன்சன்தான் 1964 இல் குடியுரிமைச் சட்டத்திலும் 1965 இல் வாக்குரிமைச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். அதே 1965 இல் வியட்நாமுக்குப் பெரும் படையை அனுப்பியவரும் அவரே. அவர் கொண்டு வரக்கூடிய வாக்குகளை எண்ணியவர்களுக்கு இவ்விரண்டில் எதுவும் தெரிந்திருக்கவில்லை. வாய்ப்பாடு ஆளின் பிறப்பிடத்தைச் சொல்லும். அவர் செய்யப் போவதைச் சொல்லாது.

4

எமது பங்குக்கு வருவோம். 2020 ஓகஸ்ற் 11 அன்று பைடன் கமலா ஹரிஸின் பெயரை அறிவித்தபோது எம்மவர் மத்தியில் எழுந்த மகிழ்ச்சி நினைவிருக்கும். அவரது தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர்; தாய்வழிப் பூர்வீகக் கிராமம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். அங்கே பதாகைகள் கட்டப்பட்டன, கோவிலில் பூசை நடந்தது. மாநாட்டு உரையில் அவர் 'சித்தி' என்ற சொல்லைச் சொன்னார். இங்கே எத்தனை வீடுகளில் அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்! நானும் கேட்டேன். கண் கலங்கியது என்பதை மறைக்கத் தேவையில்லை. அந்நிய தேசத்தின் பெரிய மேடையில் எமது அடுக்களைச் சொல்லொன்று ஒலித்தால் கலங்காதோ?

ஆனால் அந்த மகிழ்ச்சியும் அதே வாய்ப்பாட்டின் தமிழ்ப் பதிப்புத்தான். 'அவர் எமக்கு என்ன உறவு?' என்று கேட்டோம். 'அவர் ஆட்சிக்கு வந்தால் என்ன செய்வார்?' என்று கேட்கவில்லை. அமெரிக்க ஊடகங்கள் அவரைக் கறுப்பின வாக்குகள், பெண் வாக்குகள் என்று கூறு போட்டன. நாம் எமது கூறை எடுத்துக்கொண்டோம். வழக்குத் தொடுநராக அவர் செய்தவை, செனற் சபையில் அவர் எடுத்த நிலைப்பாடுகள் ஆகியவை பற்றி எமது சஞ்சிகைகளில் எத்தனை பக்கங்கள் வந்தன? பின்னர் உப ஜனாதிபதியாகச் செனற் சபையில் சமநிலையை முறிக்க 33 தடவைகள் வாக்களித்தார். வேறெந்த உப ஜனாதிபதியும் அத்தனை தடவை வாக்களித்ததில்லை. அவை எதற்காக என்று எம்மில் எத்தனை பேர் பார்த்தோம்?

இன்னொன்றும் இருக்கிறது. 2020 இல் ஒருவர் தனியே எடுத்த தெரிவு, 2024 இல் ஒரு கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தீர்மானித்தது. பைடன் விலகிய அன்றே ஹரிஸை ஆதரித்தார். வேறெவரும் கணிசமாகப் போட்டியிடவில்லை. தம் பெயருக்கென்று ஒரு மாநிலத்தின் கட்சித் தேர்தலிலும் நில்லாமலே அவர் வேட்பாளரானார். தகுதியற்றவர் என்பதல்ல என் வாதம். மரணமோ பதவி விலகலோ இல்லாமலும் பக்கத்துக் கதிரை வாரிசுக் கதிரையாகிவிடுகிறது என்பதே. மக்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டிய காலம் 2020. அப்போது எல்லோரும் ஊகித்துக்கொண்டிருந்தோம்.

5

சரியான கேள்வி இப்போது இரண்டாகிவிட்டது. 'ஜனாதிபதி இல்லாதுபோனால் இவர் என்ன செய்வார்?' என்பது பழையது. 'ஜனாதிபதி செய்யக்கூடாததைச் செய்யச் சொன்னால் இவர் என்ன செய்வார்?' என்பது புதியது.

2016 இல் ட்ரம்ப், மைக் பென்ஸைத் தெரிவு செய்தபோது, கிறிஸ்தவப் பழமைவாதிகளின் வாக்குகளை உறுதிப்படுத்தவே என்று விளக்கமளிக்கப்பட்டது. நாலரை ஆண்டுகளின் பின், 2021 ஜனவரி 6 அன்று, உறைகளைத் திறக்கும் அந்த அற்பக் கடமையில் வந்து எல்லாம் முட்டியது. பைடனுக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்குகளை நிராகரிக்கும்படி ட்ரம்ப் வற்புறுத்தினார். அதற்குத் தமக்கு அதிகாரமில்லை என்று பென்ஸ் மறுத்தார். வெளியே தூக்குமரம் போன்றதொன்றை நட்டு, அவரைத் தூக்கிலிடச் சொல்லிக் கூட்டம் கத்தியது. எனக்குப் பென்ஸின் அரசியலில் எவ்வித உடன்பாடுமில்லை. ஆனால் அன்று ஒருவர் 'இல்லை' என்று சொன்னது பெரிய விடயம். 2022 இல் நிறைவேறிய சட்டம், அந்த எண்ணிக்கையில் உப ஜனாதிபதியின் பங்கு வெறும் சம்பிரதாயமே என்று தெளிவுபடுத்தியது. அப்படி எழுதி வைக்க வேண்டி வந்ததே ஒரு வாக்குமூலம்.

2024 பெப்ரவரியில் ஜே.டி. வான்ஸ் தொலைக்காட்சிச் செவ்வியொன்றில், அன்று தாம் உப ஜனாதிபதியாக இருந்திருந்தால் சர்ச்சைக்குரிய மாநிலங்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வாளர் பட்டியல்களைக் கேட்டிருப்பேன் என்ற கருத்தைச் சொன்னார். யூலை 15 அன்று ட்ரம்ப் அவரைத் தெரிவு செய்தார். ஊகக்காரர்கள் ஒகாயோவைப் பற்றியும், தொழிற்சாலைகள் மூடப்பட்ட ஊர்களின் வெள்ளைத் தொழிலாளரைப் பற்றியும் கதைத்தார்கள். ஒகாயோவில் ட்ரம்ப் ஏலவே இரு தடவை வென்றவர். அதற்கு வான்ஸ் தேவையில்லை. ஒரு காலத்தில் ட்ரம்பைக் கடுமையாக விமர்சித்தவர் பின்னர் அந்தப் பதிலைச் சொல்லத் தயாரானார் என்பதை அருகருகே வைத்துப் பார்த்திருந்தால், தெரிவு ஓரளவு விளங்கியிருக்கும்.

எமது பகுதியில் மேற்பார்வையாளர் தமக்கு உதவியாக ஒரு 'லீட் ஹான்ட்' ஐத் தெரிவு செய்வதுண்டு. அச்சு இறுகி நின்றால் திருத்தத் தெரிந்தவர் யார், பாதுகாப்புக் கதவைத் திறந்து வைத்து வேலை செய்யச் சொன்னால் மறுக்கக்கூடியவர் யார் என்று தொழிலாளர்கள் யோசிப்பார்கள். தனக்கு மேலே வளரமாட்டாதவர் யார், வாய் திறக்கமாட்டாதவர் யார் என்று மேற்பார்வையாளர் யோசிப்பார். ஆகவே தெரிவான ஆளைக் கண்டதும் அவரைப் பற்றியல்ல, மேற்பார்வையாளரின் பயத்தைப் பற்றியே நாம் முதலில் அறிந்துகொள்கிறோம். அதிகாரத்துக்கு வருமுன் ஒரு வேட்பாளர் தனியே எடுக்கும் முதலாவது ஆட்சித் தீர்மானம் உப ஜனாதிபதித் தெரிவு. அதனை வாக்குக் கணக்காக வாசிப்பதைவிட, அந்த வேட்பாளர் எதற்குப் பயப்படுகிறார் என்பதன் சாட்சியமாக வாசிப்பது பயனுள்ளது.

முன்பு படிப்பித்த காலத்தில் உப ஜனாதிபதிப் பதவிக்கு நான் ஒதுக்கியது அரை மணித்தியாலம். ஜோன் அடம்ஸின் அலுப்பைச் சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்துவிட்டு, காங்கிரசுக்குப் போய்விடுவேன். அந்த அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுக்க முடிந்தால், ரெனிசிக்காரர் ஒருவரில் தொடங்கித் தென் கரோலினாக் கரையோரத்துக் காணிகளில் முடிப்பேன்.

2028 தேர்தல் பற்றிய ஊகங்கள் இப்போதே தொடங்கிவிட்டன. சாப்பாட்டு அறையில் திரும்பவும் என்னிடம் கேட்பார்கள். பெயர் சொல்லமாட்டேன், பந்தயமும் கட்டமாட்டேன். அண்ணையின் கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன். இதனோடு உடன்படாத நண்பர்கள், வாய்ப்பாட்டுக்காக வாதாடக்கூடியவர்கள், எழுத வேண்டும். என் தரப்பில் பத்துக் கோப்பியும் கொடுத்துத் தீர்த்தாயிற்று. கடைசிக் கோப்பியை அண்ணைதான் குடித்தார்.